தோளுக்குள் பெய்யும் மழை

தசையின் களைப்பைக் காதால் கேட்பதுதான் என் தொழில். கீபோர்டு தட்டித் தட்டித் தோள் கனத்துப்போன உங்களில் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். முன்கையிலும் தோளிலும் பொட்டு அளவு வில்லைகளை ஒட்டிக் கம்பியைக் கருவியில் செருகினால், தசை வேலை செய்யும் சத்தம் ஒலிபெருக்கியில் வரும். தெம்பான தசை, தகரக் கூரையில் விழும் மழைபோலச் சடசடக்கும். களைத்த தசையில் அதே மழை தூரத்து மலைக்குப் போய்விட்டதுபோல முழங்கும். ஓய்ந்த தசையில் சத்தமே இருக்காது. கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்கே கண் சொருகும்.

விருந்தாளி

கிழக்குப் பாலக்காட்டில் ஒரு பால் சங்கம். அங்கே கணினியில் கணக்கு ஏற்றும் பழனியப்பன் கீபோர்டைத் தட்டினால் தெருவரைக்கும் கேட்கும் என்றார்கள். என் கருவியைக் கண்டதும் மனிதர் பூப்பறிப்பதுபோல் தட்டினார். களைப்பே பதிவாகவில்லை. வழக்கம்போலத் தட்டுங்கள் என்றேன்.

"அதெப்படிங்க? அசலூருல இருந்து வந்த மெசினுங்க. அது முன்னால தடபுடன்னு தட்டுனா நம்மளப் பத்தி என்னங்க நெனைக்கும்?"

தைல வாசம்

பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸ். கொழுந்து எடையைக் கணினியில் ஏற்றுகிறவள் செல்வி. அவளுக்குத் தோள்வலி. அளந்து பார்க்க என்னை வரவழைத்தவர் தலைமை எழுத்தர் தங்கசாமி. தோள் கெட்டிருந்தால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள். செல்வி மறுபடி கொழுந்து பறிக்கப் போக வேண்டும்.

வில்லையை ஒட்டினேன், வழுக்கி விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. அப்போதுதான் அறை முழுக்க யூகலிப்டஸ் தைலம் மணப்பது உறைத்தது. காலையிலேயே தோள் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். பஞ்சால் துடைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு வலி தெரியலைன்னா மெசினுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் மேடம். என்னையக் காட்டு வேலைக்கு அனுப்பிறாதீங்க."

ஓயாத மழை

தட்டச் சொன்னேன், மழை. நிறுத்தச் சொன்னேன். விரல்கள் விசைகள்மேல் சும்மா கிடந்தன, மழை மட்டும் நிற்கவில்லை. கைகளை மடியில் போடச் சொன்னதும் சட்டென்று அமைதி. மறுபடி மேசைக்கு, மறுபடி மழை.

அது நின்றுகொண்டு பேரேடு எழுதுவதற்காகச் செய்த உயரமான மேசை. கணினி வந்தபோது அதன்மேலேயே வைத்துவிட்டார்கள். உட்கார்ந்து தட்டுகிறவள் விரலை அசைக்காவிட்டாலும் தோளைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தங்கசாமி நம்பவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவரே உட்கார்ந்தார். அவர் தோளிலும் அதே அடைமழை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா செல்வி, இத்தன நாளா இந்த மேசையவா தூக்கிக்கிட்டு இருந்த?"

அறுத்த பிறகு

எஸ்டேட் தச்சர் வந்து மேசையின் கால்களை அறுத்தார். மரத்தூளைக் கூட்டிவிட்டு மறுபடி அளந்தேன். செல்வி தட்டினாள், நிறுத்தினாள். மழை தூறலாகி, தூறல் விட்டுவிட்டுச் சொட்டி, பிறகு ஒன்றுமில்லை. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து கணினித் திரைமேல் படர்ந்தது. திரும்பிப் பார்த்தால், செல்வி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

எடைச் சீட்டோடு வாசலுக்கு வந்த சூப்பர்வைசரைத் தங்கசாமி கைகாட்டி நிறுத்தினார்.

"சத்தம் போடாதப்பா. நம்ம கம்ப்யூட்டர் கிளார்க்கு கொஞ்சம் கண்ணசந்திருக்கு. எந்திரிச்சு அதுவே ஏத்தும்."

மனிதர்களின் களைப்பை அளக்கப் போன இடங்களில் எனக்கு வாய்த்த நோயாளிகள் பெரும்பாலும் மேசைகள்தான்.