கைராசிக்காரி படித்த புத்தகம்

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு முழுப் புத்தகம் படித்து முடித்திருக்கிறேன். ஆறு மாதம் ஆனது. நாளை நடப்பது யாருக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரியே மனுஷ புத்தி நடந்துகொள்கிறது என்று சொல்லும் புத்தகம். நூலகத்தில் இருக்கும் பெண்தான், "ஆயா, கதை மாதிரியே ஓடும், எடுத்துக்கினு போங்க" என்று கொடுத்தாள்.

எங்கள் தெருவில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். எந்த வீட்டுத் தறியில் நீளவாட்டு நூலாகப் புதுப் பாவு ஏற்றினாலும், குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடாவை முதலில் ஓட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஓட்டினால் இழை அறுந்து போகாது என்பார்கள். நானும் நம்பித்தான் நிமிர்ந்து நடந்தேன்.

புத்தகத்தில் ஓரிடத்தில், பலித்ததை மனசு பத்திரமாக வைத்துக்கொள்ளும், பலிக்காததை விட்டுவிடும் என்று போட்டிருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. நான் ஓட்டியும் அறுந்த பாவுகளை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பக்கத்து வீட்டில் போன வருஷம் தினமும் இழை அறுந்தது. காற்று என்றார்கள், சாயம் என்றார்கள். என் கை என்று ஒருவரும் சொல்லவில்லை. பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு தெரு முழுக்க மறந்திருக்கிறது! என்னைப் பார்த்தே இராதவர் இதை எப்படி எழுதினார்?

மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே வந்தாள். மகள் கல்யாணச் சேலைக்குப் பாவு ஏற்றியிருந்தாள். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷத்துப் பெயர் போய்விடும். சொல்லாமல் கை வைக்கவும் மனசு வரவில்லை. என் கையில் ராசி ஒன்றும் இல்லை, போன வருஷம் உன் வீட்டிலேயே அறுந்ததே என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா பெரிம்மா, இந்த வயசுல படிச்சிக் கெட்டுப் போனீங்களா? போன தபா உங்க கை பட்டதாலதான் அதோட போச்சி. இல்லன்னா பாவு மொத்தமும் அறுந்திருக்கும்!"

பிறகு பார்த்தால், இந்தப் பதிலும் இரண்டு பக்கம் தள்ளிப் புத்தகத்தில் இருந்தது!

"நீயே ஓட்டும்மா" என்று நாடாவை அவள் கையில் கொடுத்தேன். மூன்றாவது ஓட்டத்தில் பட்டென்று ஓர் இழை அறுந்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னன்ல?"

தறியில் இழை அறுவது என்ன அதிசயமா? குனிந்து இழையை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அத்தனை படித்த எனக்கும் அந்த நொடியில், என் கை ஓட்டியிருந்தால் அறுந்திருக்காது என்றுதான் பட்டது. மனசு எவ்வளவு பெரிய கெட்டிக்காரி! இந்த மாதிரிப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். மெதுவாகப் படியுங்கள், அதில் இருப்பது நீங்கள்தான்.