இரண்டு கிலோவுக்குள் ஒரு தூளி

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது இரண்டு பெண்கள் எனக்கு ஆளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். தேரிக்காட்டு முகாமுக்குப் போகலாம், ஆனால் தரையில் படுக்கக் கூடாது என்றாள் அம்மா. முகாமுக்கு வரலாம், ஆனால் பையின் எடை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது என்றார் பள்ளியில் சாரணியர் படையை நடத்திய டீச்சர். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தரையில் படுக்கவும் முடியாது என்றால் எங்கே படுப்பது என்று இருவருமே சொல்லவில்லை.

டீச்சரின் நிபந்தனைக்காவது காரணம் இருந்தது. முந்தின வருடம் போனவர்கள் தலையணை, ஊறுகாய்ச் சாடி என்று கட்டிக்கொண்டு போய், பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேரியின் செம்மணலில் கால் புதையப் புதைய நடக்க மாட்டாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் டீச்சர்தான் நாலு பைகளைச் சுமந்திருக்கிறார். அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நான் கேட்டபோது 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லோடு எழுந்து போனவள் அவள். இந்த முறை நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்ததும், அரிசி புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"போ. ஆனா தரையில படுக்கக் கூடாது."

நேராக மறுக்க முடியாமல் குறுக்கு வழியில் மறுக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. சரி, பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் சித்தப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கொழும்புத் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "தோணிக்காரன்லாம் தரையிலயா படுக்கான்? தூளி கட்டித்தான் படுக்கான்" என்றவர், மறுநாளே கிழிந்த பாய்மரத் துணியில் ஒரு துண்டும் தும்புக் கயிறும் இரண்டு இரும்பு வளையங்களும் கொண்டுவந்தார். துணி சுருளாமல் விரிந்து நிற்கத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு உடைமரக் கம்பு வைத்துத் தைத்தோம். கொல்லைப்புறத்து வேம்புகள் இரண்டுக்கும் நடுவே கட்டிப் படுத்துப் பார்த்தேன். ராணி மாதிரி இருந்தது.

அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். கிலோ என்ற கணக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. கடைக்கார அண்ணாச்சியே இன்னும் வீசையில்தான் பேசுவார். ஆனாலும் தராசில் வைத்துப் படிக்கல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"என்னளா, தோணியவே தூக்கிட்டு வந்துட்டியா? அஞ்சரை கிலோ இருக்கு."

முகாமுக்குக் கட்டாயம் கொண்டுவர வேண்டியவை என்று டீச்சர் சொன்ன அரிசி, தட்டு, தம்ளர், மாற்றுத் துணி, போர்வை எல்லாம் சேர்ந்து நாலு கிலோ. ஆக, தூளிக்கு மிச்சம் இரண்டு கிலோதான். மூன்றரைக் கிலோவைக் குறைக்க எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதலில் கம்புகளை உருவினேன். துணி என்னைச் சுற்றி வாழைப்பூ மடல் மாதிரி மூடிக்கொண்டது, மூடட்டும் என்று விட்டேன். அடுத்து வளையங்கள் போயின. கயிற்றையே முடிச்சாகப் போட்டால் வளையம் எதற்கு? தும்புக் கயிற்றுக்குப் பதிலாகச் சித்தப்பாவிடம் கெஞ்சி நைலான் கயிறு வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை அண்ணாச்சி கடைக்கு ஓட்டம். மற்றவர்களுக்குச் சரக்கு நிறுத்து முடியும்வரை ஓரமாக நிற்பேன். மூன்று கிலோவுக்கு வந்ததும் அது அசையாமல் நின்றுவிட்டது. இனி குறைப்பதென்றால் அந்தப் பாய்த்துணியைத்தான் கைவிட வேண்டும்.

மைதா மாவு வந்த வெள்ளைத் துணிப் பைகள் நான்கைப் பிரித்து, துவைத்து, ஒன்றோடொன்று தைத்தேன். கையெல்லாம் ஊசிக் குத்து. நிறுத்தால் ஒன்றரைக் கிலோ. ஓடிவந்து வேம்பில் கட்டிவிட்டு, அம்மா பார்க்கட்டும் என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

அம்மா வந்தாள். தையலை விரலால் நெருடினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விடவில்லை, இரண்டு தடவை அழுத்தி எழும்பினாள். நடுத் தையல் டர்ரென்று பிரிந்து, அம்மா தரையில் விழுந்தாள்.

"வேணும்னே கிழிச்சிட்டீயள்" என்று கத்தினேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், "கிழியுதத இங்கனயே கிழிச்சிரணும்ளா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

ஆறு நாள்தான் பாக்கி. சித்தப்பா என்னைச் சைக்கிளில் வைத்து, மீன்பிடிக்காரர்கள் இருக்கும் திரேஸ்புரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கிழிந்த மாவுப்பைத் தூளியைக் காட்டியதும் அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"துணி ஒரு எடத்துல விட்டா மொத்தமும் விட்டுரும். வலை அப்படியில்ல. ஒரு கண்ணு அறுந்தாலும் மத்த கண்ணு தாங்கும். கனமும் கெடையாது" என்றவர், கழித்துப் போட்டிருந்த நைலான் வலை ஒன்றிலிருந்து என் நீளத்துக்கு ஒரு துண்டை இரட்டையாக மடித்து அறுத்துக் கொடுத்தார்.

வீட்டில் கட்டிப் படுத்தபோது, எழுந்ததும் முதுகெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் விழுந்திருந்தது. அடியில் ஒரு துணி விரித்தால் சரியாகிவிடும், ஆனால் துணிக்கும் எடை உண்டு. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு அலைந்தேன். கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று தெரிந்தது: போர்வைதான் ஏற்கெனவே பையில் இருக்கிறதே. அந்த நாலு கிலோவுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. மேலே போர்த்துவதைக் கீழே விரித்தால் ஆயிற்று. அன்று சாயங்காலம் தராசு இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் கூடக் காட்டியது. அங்கேயே கத்தி வாங்கி, கயிற்றின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு முழம் அறுத்தேன். முள் நேராக நின்றது.

"இதுக்கு மேல கொறைக்கணும்னா நீதான் மெலியணும்" என்றார் அண்ணாச்சி.

அம்மா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அம்மிக் குழவியையும் எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கயிறு முறுக்கிக் கிறீச்சிட்டதே தவிர வலையில் ஒரு கண்கூட அறவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள். "சரி" என்றாள். தோற்றுப்போனவளின் 'சரி' என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட முற்றத்தில் டீச்சர் வில் தராசில் என் பையைத் தொங்கவிட்டு, ஆறு கிலோவைத் தொட்டு நின்ற முள்ளைக் குனிந்து பார்த்தார். "தூளியா? இன்னும் தொட்டில் பிள்ளையா நீ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால், தேரி மணலில் நடந்தபோது நான்தான் முன்னால் போனேன்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கெட்டிக்காரத்தனம் எனக்கே வினையானது. பனைகள் எட்ட எட்ட நின்றன. அறுத்தெறிந்த இரண்டு முழத்துக்கு அங்கே அழாத குறையாகத் தவித்தேன். மற்றவர்கள் மணலைச் சமப்படுத்திச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கன வந்து படுளா, ஒங்கம்மா என்ன பாக்கவா போறா?" என்று தோழி ஒருத்தி பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். படுத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால், பன்னிரண்டு நாள் பாடுபட்டுவிட்டுத் தரையில் படுப்பதா? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என் நினைவில் இருந்ததாகச் சொல்ல முடியாது. வீம்புதான். மேற்கே வெயில் சாய்வதற்குள் மரம் மரமாக அலைந்து, முகாமின் ஓரத்தில் ஒரு பனையும் அதை ஒட்டிக் கிளை பரப்பிய, கொல்லாமரம் என்று நாங்கள் சொல்கிற முந்திரியும் கண்டுபிடித்துக் கட்டினேன். இரண்டு இரவும் அதில்தான் படுத்தேன்.

இதற்கெல்லாம் இருபது வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பேச்சுவாக்கில் சொன்னாள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பதநீர்க் காலத்தில் குடும்பத்தோடு அதே தேரியில் போய் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவார்களாம். ஒரு விடியற்காலையில் அம்மாவின் தம்பி எழுந்திருக்கவில்லை. ஐந்து வயது. அவனோடு ஒரே பாயில் படுத்திருந்தவள் அம்மா. பாம்பு வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போனதில்லை, அந்த ஊரின் பெயரையும் சொன்னதில்லை.

முகாம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"தரையில படுத்தியா?"

"இல்ல."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்தான்."

சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டே கயிறு பற்றாமல் போனதை, கொல்லாமரம் கிடைத்ததை, என் பை மட்டும் எவ்வளவு லேசாக இருந்தது என்பதை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், பகலில் ஒரு நாளும் கண் அசராத என் அம்மா, கையைத் தலைக்கு வைத்துச் சுவரோரம் படுத்து ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன், எழுந்திருக்கவில்லை. நான் ஜெயித்த கதையைக் கேட்கப் பிடிக்காமல்தான் தூங்குகிறாள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு, பாதிச் சோற்றில் கையைக் கழுவினேன்.