மூன்று எண்ணும் வரை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு அங்கே பந்துகளும் கிழிந்த வலைகளும் கிடந்தன. பன்னிரண்டு வருடமாகியும் ரப்பர் வாசனை போகவில்லை. மணி அடித்தால் முந்நூறு பிள்ளைகள் தலைக்கு மேல் தடதடவென்று இறங்குவார்கள். அது ஓயும்வரை பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு ஜன்னல் வேண்டுமென்று அவள் வருடா வருடம் எழுதிக் கொடுப்பாள். தலைமையாசிரியரும் வருடா வருடம் தலையை ஆட்டுவார். இரண்டு பேருமே கடமை தவறாதவர்கள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அட்டை டீச்சர். கையில் எப்போதும் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு அட்டைக்கட்டு இருப்பதால் வந்த பெயர். பிடித்தால் விடமாட்டாள் என்பதாலும்தான் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. இரண்டும் பொருத்தம்தான் என்று அவளே சிரித்துக்கொள்வாள்.

வகுப்பில் மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அவளிடம் வருவார்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகிற பிள்ளைகள். ஒரு வரி முடிவதற்குள் அவர்களுக்கு வேர்த்துக் கொட்டிவிடும். அடிக்கடி வருகிற சொற்களையாவது பார்த்தவுடன் சொல்லப் பழக்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கும் என்பது அவள் தொழிலின் அடிப்படை. அவன், ஆனால், இருந்தது, பிறகு, எங்கே. இப்படி நூறு சொல். "மாமா வந்தா மூக்கு, காது, மீசைன்னு கூட்டிப் பார்த்தா மாமான்னு சொல்றோம்? பார்த்ததும் தெரியுதில்ல?" என்று பெற்றோரிடம் கேட்பாள். அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஆரம்பத்தில் அவளும் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டாள். ஒரு பெண் 'ஆனால்' அட்டையைக் காட்டியதும் பட்டென்று சொல்வாள். புத்தகத்தில் அதே சொல்லைக் காட்டினால் திருதிருவென்று விழிப்பாள். ஒரு மாதம் மண்டையைக் குடைந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த அட்டையின் மூலையில் டீக்கறை இருந்தது. பெண் படித்ததெல்லாம் கறையைத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று அட்டை, மூன்று நிற மை. அட்டை அழுக்கானால் அன்றே குப்பைக்கூடை.

இந்த முறையை அவள் கற்றது ஒரு பத்து நாள் பயிற்சி வகுப்பில், இருபத்தொன்பதாவது வயதில். பயிற்சியாளர் சொன்னார்: அட்டையைக் காட்டுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பிள்ளை சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்காமல், பெருமூச்சு விடாமல், அதே குரலில். எத்தனை தடவை மறந்தாலும் அத்தனை தடவையும் சொல்லுங்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அவள் எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் அழுதாள்.

அவளுக்கு ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தையல் கம்பெனியிலிருந்து வர எட்டு மணியாகும். அதனால் தம்பியைப் படிக்க வைக்கிற பொறுப்பு பதினைந்து வயது அக்காவின் தலையில் விழுந்தது. அக்கா எப்போதும் முதல் ரேங்க். தனக்கு மூச்சு விடுகிற மாதிரி வருவது இவனுக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்காதபோது கோபம்தானே வரும். அடிக்கமாட்டாள். நிற்க வைப்பாள். புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சுவரோரமாக, அந்த வரியைப் படிக்கும்வரை. ஒருநாள் 'பிறகு' என்ற ஒரே சொல்லுக்காக ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை நின்றான். அம்மா வந்து பார்த்தபோது அவன் டவுசர் நனைந்திருந்தது. அம்மா யாரையும் திட்டவில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு அவனைக் குளிப்பாட்ட அழைத்துப் போனாள்.

எட்டாவதோடு அவன் படிப்பை நிறுத்திக்கொண்டு டைல்ஸ் ஒட்டப் போனான். இன்று அவன் கை பட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் அசையாது என்பார்கள். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் வீடு. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. விசேஷத்துக்கு வருவான், சாப்பிடுவான், போவான். மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் உட்காரமாட்டான். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அவளிடம் படித்துப் போனார்கள். ஒவ்வொரு முறை ஒரு பிள்ளை முழு வரியைப் படிக்கும்போதும் அவளுக்கு அவன் ஞாபகம்தான் வரும். ஒரே ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரமாட்டானா என்று மனசு அடித்துக்கொள்ளும். கேட்கத்தான் வாய் வராது.

போன வருடம் தம்பி மனைவி போன் செய்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள், வீட்டில் வாண்டு என்று கூப்பிடுகிற பிள்ளை, படிக்கத் திணறுகிறாளாம். டைரியில் டீச்சர் எழுதி அனுப்பிவிட்டாராம். அண்ணியிடம் விடலாம் என்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள். அவளுக்கே தெரியும், இருந்தாலும் கேட்டாள்.

"நான் நின்னது போதும், எம்பொண்ணு நிக்க வேணாம்னு சொல்றார் அண்ணி."

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு மாதம் தம்பி மனைவி விடாமல் நச்சரித்ததில் ஒரு வழியாக இறங்கி வந்தான். ஒரு நிபந்தனை: பாடம் நடக்கும்போது அவனும் அறையில் இருப்பான். குரல் உயர்ந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பிறகு அத்தை வீட்டுப் பேச்சே கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாடிப்படி அறைக்கு வந்தார்கள். வாண்டு குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டியது. அவன் கதவோரம், வண்டிச் சாவியைக் கையில் குலுக்கிக்கொண்டு, பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருட அனுபவசாலி பத்தே பத்து அட்டையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

தெரிந்த ஒன்பது அட்டையோடு தெரியாத ஒன்று. அதுதான் கணக்கு. புதிய சொல் 'இருந்தது'. குழந்தை விழித்தது. அவள் மனதுக்குள் மூன்று எண்ணி, "இருந்தது" என்றாள். குழந்தை திருப்பிச் சொன்னது. மறுசுற்றில் மறந்தது. சொன்னாள். அடுத்த சுற்றிலும் மறந்தது. சொன்னாள். நாலாவது தடவை குழந்தை ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தது. சாவிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் அதே குரலில் "இருந்தது" என்றாள். ஆறாவது தடவை அவள் இரண்டு எண்ணுவதற்குள் குழந்தையே சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளியே ஓடியது.

அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்: "எனக்கு மட்டும் ஏன்கா சொல்லலை?"

இந்தக் கேள்விக்கு அவள் பன்னிரண்டு வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். சின்ன வயது, அப்பா இல்லாத வீடு, அம்மாவின் பயம் எல்லாம் அதில் இருந்தன. வாயில் வந்தது வேறு.

"நீ வேணும்னே பண்றேன்னு நெனச்சேன்டா."

"மூணு மணி நேரமா? ஏழு வயசுல யாராவது வேணும்னே நிப்பாங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மன்னித்துக்கொள் என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. குழந்தை வந்ததும் அவன் எழுந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் அவள் வீட்டில் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது. தம்பி மனைவிக்குப் போன் போட எடுத்து எடுத்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை ஒன்பதரைக்கே போய் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பத்தாயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. சரி, அவ்வளவுதான் என்று அட்டைகளை எடுத்து உறையில் போட்டாள். இத்தனை வருடம் ஏங்கியதற்கு ஒரு நாளாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். மனம் தேறுவதாக இல்லை.

அப்போது கதவு திறந்தது. அவன் மட்டும் நின்றான். பின்னால் யாரும் இல்லை.

"வாண்டு எங்கடா?"

"காய்ச்சல். தூங்குறா."

அதற்கென்ன, ஒரு போன் செய்திருந்தால் போதுமே, இதற்காக நேரில் வரவேண்டுமா என்று அவள் படபடத்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். குழந்தையின் நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரில் போட்டு, முழங்கால் இரண்டும் மேஜையில் இடிக்க உட்கார்ந்தான். காதுவரை சிவந்திருந்தது.

"அவ வரலைன்னா என்னக்கா," என்றான். "நான் வந்திருக்கேன்ல."

அவள் உறையைப் பிரித்து அட்டைகளை வெளியே எடுத்தாள்.