கிழங்குக் குழிகளைக் காத்த எங்கள் லயத்துப் பெண்கள்

பெருமதிப்பிற்குரிய குழும அன்பர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஜப்பானியர் காலத்தில் எங்கள் மலையில் திரிந்த கொள்ளைக்காரன் சன்னாசியைப் பற்றி எழுதுமாறு நீங்கள் கேட்டு நெடுநாளாயிற்று. கண் அறுவைக்குப் பின் திரையைப் பார்க்க மருத்துவர் அனுமதிக்கவில்லை. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருவது தேயிலைப் பூவின் மணம்...

ஆம், பூ! வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு கொழுந்து பறிக்க ஆணையில்லை. இடுப்பளவு நின்ற செடிகள் மரமாக வளர்ந்து, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தன. ரிங்லெட் என்னும் மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக் குழந்தைகள் தேயிலை பூப்பதை அப்போதுதான் கண்டோம். எனக்கு எட்டு வயதிருக்கும்.

ஆண்களில் பலரை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். என் தந்தையும் போனார். திரும்பவில்லை.

பெண்கள் சர்க்கரைவள்ளி பயிரிட்டார்கள். வீட்டில் வைத்தால் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே கிழங்கைச் சாம்பலில் புரட்டி, தேயிலைத் தூர்களுக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். கொழுந்து பறித்த காலத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை ஒதுக்கப்பட்டிருந்தது அல்லவா? அவரவர் நிரையிலேயே அவரவர் குழி. அந்தக் குழிகளை நம்பித்தான், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தின் குழந்தைகள் உயிரோடிருந்தோம்.

சன்னாசி முன்பு எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளை மட்டமாகக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்தவன். கூலி உயர்வு கேட்டதற்காகத் துரை அவனை விரட்டினார். யுத்தம் வந்ததும் நான்கைந்து பேரோடும் ஒரு துப்பாக்கியோடும் காட்டிலிருந்து இறங்கினான். ஜப்பானியரை எதிர்க்கும் படைக்கு வரி தண்டுவதாகச் சொல்லிக்கொண்டான்.

ஒரு நாள் பட்டப்பகலில் வந்து மூன்று குழிகளைத் தோண்டினான்.

"அக்கா, இது எனக்கில்ல. காட்டுல சண்ட போடுறவங்களுக்கு."

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காள் சும்மா இருப்பாரா?

"சண்ட போடுறவனுக்கு ஏண்டா இம்புட்டுத் தொந்தி?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தோண்டப்பட்ட மூன்றும் கணவனைச் சயாமுக்குப் பறிகொடுத்தவர்களின் குழிகள். நூற்றுக்கணக்கான நிரைகளில் அவன் நேராக அங்கேயே போனது எப்படி? எந்த நிரை யாருடையது என்பது மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒருவரே... அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்த கங்காணி!

காலையில் ஜப்பானிய அதிகாரிக்குக் குனிந்து வணங்குவார் அந்தக் கங்காணி. அதிகாரி கொடுத்த அரிசி மூட்டைகள் அவருடைய ஸ்டோரில் இருந்தன. அவற்றைச் சன்னாசி தொடாமலிருக்க, எங்கள் குழிகளைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், கங்காணியிடம் தனியாகப் போய்ச் சொன்னார்:

"கங்காணியாரே, பயமா இருக்குதுங்க. மிச்சக் கெழங்கு பூராத்தையும் எடுத்து, என் நெரையில அந்த வளைவுல பொதைச்சிட்டோம். நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்லா. நீ தைரியமாப் போ புள்ள."

உண்மையில் ஒரு கிழங்கும் இடம் மாறவில்லை.

அந்த வாரமே சன்னாசி வந்தான். வேறெங்கும் திரும்பாமல் அம்மாவின் நிரைக்குப் போய், வளைவில் தோண்டினான். வெறும் மண்! நிமிர்ந்தபோது நிரைதோறும் எங்கள் பெண்கள். கைகளில் கவ்வாத்துக் கத்திகள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சன்னாசி, இந்த எடத்த நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். யாருன்னு நீயே சொல்லு."

அவனுடைய ஆள் ஒருவன் துப்பாக்கியை உயர்த்தினான். அம்மா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"தொர உன்னைத் தொரத்துனப்ப, உன் சட்டிபானைய வெளிய வீசுனது இதே கங்காணிதானே? உன் பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊத்துனது யாரு? நாங்க. ஸ்டோர்ல ஜப்பான்காரன் அரிசி மூட்டை மூட்டையாக் கெடக்கு. அங்க போக உனக்குத் தொடை நடுங்குது. பொம்பளைங்க குழியத் தோண்ட மட்டும் வீரம் வருதோ?"

சன்னாசி துப்பாக்கிக் குழலைக் கையால் கீழே அழுத்தினான். எங்கள் முகங்களைப் பாராமலே காட்டுக்குள் ஏறிப் போனான்.

சில நாட்களில் கங்காணியின் ஸ்டோர் சூறையாடப்பட்டது. சிப்பாய்கள் எங்களை வெயிலில் நிறுத்தி விசாரித்தார்கள். பெண்கள் ஒரே குரலில் "தெரியாது" என்றார்கள். கங்காணியும் "தெரியாது" என்றார்! சன்னாசியின் பெயரைச் சொன்னால் தம் பழைய உறவு வெளிப்பட்டுவிடுமே...

இப்போது பலர் சன்னாசியை ஏழைகளின் காவலன் என்கிறார்கள். கொள்ளையடித்த அரிசியை லயந்தோறும் பங்கிட்டான் என்று மேடையில் ஒருவர் முழங்கியதை நானே கேட்டேன். அன்பர்களே, எங்கள் லயத்துக்கு ஒரு மணி அரிசியும் வரவில்லை. அதன் பிறகு எங்கள் குழிகளை அவன் தொடவில்லை, அவ்வளவுதான். அந்த நன்மையும் அவன் கொடுத்ததன்று. எங்கள் பெண்கள் எதிர்த்து நின்று பெற்றது.

அந்தப் பஞ்சத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகளைப் புதைத்தார்கள். எங்கள் லயத்தில் பசியால் ஒரு பிள்ளையும் சாகவில்லை. இதை எழுதும்போது என் நெஞ்சு நிமிர்கிறது.

இன்று அந்தச் சரிவுகளில் தேயிலை ஒரே மட்டமாக வெட்டப்பட்டு, சுற்றுலா வருவோர் படம் எடுக்க அழகாக இருக்கிறது. பூக்க விடுவதில்லை. பூக்கத் தேவையும் இல்லாத நல்ல காலம் இது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் சன்னாசியின் பெயர் நிலைத்து, அவனை மறித்தவர்களின் பெயர்கள் மறைந்துபோயினவே என்ற ஏக்கம் சில வேளைகளில் எழுகிறது.

என் அம்மாவின் பெயர் செபமாலை. மாரியாயி அக்காளையும் சொல்லிவிட்டேன். மற்றவர்களின் முகங்கள் நினைவில் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. உங்கள் தாயோ பாட்டியோ அந்த லயத்தில் இருந்திருந்தால், அவர் பெயரை எழுதி அனுப்புங்கள். எனக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. விரைவில் பதில் தரவும்.