பேச்சிராஜாவின் வண்டியில் ஆள் ஏற முடியாது

சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், தறிச் சத்தம் ஓயாத கடைசித் தெருவில் இருக்கிறான் என் தங்கை மகன் பேச்சிராஜா. வெட்டிய மரத்தைச் சின்ன டிராக்டரில் கட்டி இழுத்து ரோட்டில் சேர்ப்பது அவன் பிழைப்பு. பெரிய டிராக்டர் நுழையாத தோப்பென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தனியாக வருவான், தனியாகக் கட்டுவான், தனியாக இழுப்பான். மரத்துக்காரர் கிட்டே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். சங்கிலி நீளத்தைப் போல இரண்டு பங்கு தள்ளிப் போனால்தான் மறுபடி சாவியைத் திருப்புவான். கிறுக்கன் என்று பேசுகிறார்கள். கிறுக்கன் இல்லை. நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டியில் இரண்டு பேர் போவார்கள். இவன் ஓட்டுவான், இவன் மச்சினன் துரைப்பாண்டி எஞ்சினுக்கு முன்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பான். கனத்த மரத்தை இழுக்கும்போது சின்ன வண்டி முன்பக்கம் தூக்கும். அதை அமுக்க ஒரு ஆளை முன்னால் உட்காரவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும்தான். துரைப்பாண்டி ஒருத்தனே ரெண்டு ஆள் கனம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு வாகை மரம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பேச்சிராஜா சங்கிலியைத் தாழ இருக்கிற கம்பியில் மாட்டாமல், சக்கர அச்சுக்கு மேலே இருக்கிற கம்பியில் மாட்டிவிட்டான். மேலே மாட்டினால் மரத்தின் மூக்கு மண்ணில் குத்தாது, சீக்கிரம் வந்துவிடும் என்று கணக்கு. மரம் ஒரு வேரில் முட்டி நின்றது. வண்டி முன்னே போக வழியில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. துரைப்பாண்டி சரிந்து விழுந்தான். இவன் பதறிக் கிளட்சை மிதித்தான். எழும்பிய சக்கரம் அந்தப் பிள்ளையின் காலில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பேச்சிராஜாவின் பெண்டாட்டி ராஜகுமாரி, தாயில்லாத அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியோடு புளியங்குடிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் இவன் பிழைத்திருப்பான். இவன் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று வீட்டைச் சுருக்கிக்கொண்டான்.

இந்த ஆடிக் காற்றில் புளியங்குடியில் ராஜகுமாரி வீட்டு எலுமிச்சைத் தோட்டத்து வேம்பு சாய்ந்து வாய்க்காலை அடைத்துவிட்டது. துரைப்பாண்டி எனக்குத்தான் போன் போட்டான். பேச்சிராஜாவிடம் சொன்னேன்.

"அவ கூப்பிட்டாளா பெரியம்ம?"

"மரம் கூப்பிடுது. போயிட்டு வாலே."

இதோடு அவளைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவனுக்கும் அதே நினைப்புதான். புதுச்சட்டை போட்டிருந்தான், மரம் இழுக்கப் போகிறவன்!

"நானும் வாரேன். சக்கரத்து மூடியில உக்காந்துக்கிடுதேன்."

"ஏறப்படாது. பஸ்ல வா."

"என்னைய விட, வண்டிக்கு முன்னால கட்டியிருக்க அந்த மணல் மூட்டை ஒசத்தியாலே?"

"மூட்டை விழுந்தா அழமாட்டேன்லா."

என் பஸ் அவனைத் தாண்டியபோது பார்த்தேன். வண்டிக்கு முன்னால் நான்கு மணல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, காலி ரோட்டில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். கை காட்டினேன். கவனிக்கவில்லை.

தோட்டத்தில் அவன் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே. முதலில் வெறுங்கையோடு வழி முழுக்க நடந்து, கல்லையும் கட்டையையும் பொறுக்கி எறிந்தான். அடிமரத்தின் மூக்கை நெம்பித் தூக்கி, முன்விளிம்பு வளைந்த பழைய இரும்புத் தகட்டை அடியில் கொடுத்தான். அப்போதுதான் மண்ணில் குத்தாமல் வழுக்கி வரும். சங்கிலியைத் தாழ்ந்த கம்பியில் மாட்டி, குனிந்து இரண்டு தடவை பார்த்தான். ராஜகுமாரி கிணற்று மேட்டில் நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பாமலே எல்லாம் செய்தான்.

எஞ்சின் போட்டதும் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு துரைப்பாண்டி வந்தான். வந்தவன் ஒரே எம்பில் மணல் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"என்ன அத்தான், எனக்குப் பதிலா மணல் மூட்டைய வச்சிட்டியளே. இந்தா, பழைய மூட்டை வந்துட்டு!"

"எறங்கு மாப்ள."

"ஒரு காலு போயிட்டே, கனம் காணாதுன்னு பாக்கியளா?"

பேச்சிராஜா எஞ்சினை அணைத்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எலுமிச்சை நிழலில் போய் உட்கார்ந்தான்.

"அத்தான், வெளையாட்டுக்குல்லா ஏறினேன். நான் ஒங்க மேல கோவமில்லேன்னு காட்டாண்டாமா?"

"தெரியும். நீ எறங்கினாத்தான் வண்டி நகரும்."

அரை மணி நேரம் ஆயிற்று. நானும் சத்தம் போட்டேன், "எறங்கித் தொலையேம்லே!" கடைசியில் அவன் முகம் சுண்டி இறங்கி, கிணற்றடிக்குப் போன பிறகுதான் இவன் எழுந்தான். மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இழுத்தான். வண்டி ஒரு விரல்கூட முன்னால் தூக்கவில்லை. அடிமரம் ரோட்டோரத்தில் வந்து படுத்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு எந்தப் பெண்டாட்டி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

ராஜகுமாரி இறங்கி வந்தாள். மூன்று வருஷம் கழித்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எறங்கச் சொன்னியளே, அன்னைக்கு ஏன் சொல்லல?"

அவன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"சங்கிலியத் தாழக் கட்டணும்னு அன்னைக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பொறவு?"

"மழைக்கு முன்ன முடிச்சிரலாம்னு."

அவள் தலையை ஆட்டினாள். நான் விடவில்லை. "ஏட்டி, இப்ப எம்புட்டுப் பத்திரமா இழுத்தான், கண்ணு இல்லையா ஒனக்கு?"

"கண்ணு இருக்கப்போயிதான் அத்தை. இவுகளுக்குத் தெரியாம நடந்து போச்சுன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் கிணற்று மேட்டுக்கு நடந்தாள். அவன் பொய் சொல்லித் தப்பிக்கவில்லை. தகட்டைக் கழுவி வண்டியில் ஏற்றிக் கட்டினான். "பெரியம்ம, பஸ்சுக்கு நேரமாச்சு" என்றான்.

"நான் வரல. ரெண்டு நாளு இங்கனதான் இருப்பேன். இவளக் கூட்டிட்டுத்தான் வருவேன்."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். ஒருவரும் இல்லாத வண்டி போவது போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் இருந்தேன். ராஜகுமாரி என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். அவன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். மூன்றாம் நாள் தனியாக பஸ் ஏறினேன்.

நான் போனபோது அவன் வாசலில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் தெருவை ஒருதரம் பார்த்தான்.

"வேம்ப லாரியில ஏத்திட்டாங்களா பெரியம்ம?"

"ஏத்திட்டாங்க மக்கா."

வேறு எதையும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.