இரண்டரையில் நிற்க வேண்டிய முள்

பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாசம் முகத்தில் அடித்தது. அருணா குனிந்து பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். முள் நாலைத் தாண்டி நின்றது. காலையில் அவள் கையால் இரண்டரையில் வைத்துப் பூட்டிய முள்.

"என்ன கண்ணு சொல்லுது?" ஸ்டியரிங்கை விடாமல் மாதேஸ்வரன் கேட்டார்.

"குடிச்சிருக்குதுங்க மாமா. அளவுக்கு மேல."

"ஓட்டறவரு பழக்கம் வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள் பின் சீட்டிலிருந்து அவர் மனைவி ராமாயி.

மலைப்பாதையின் முப்பத்தாறாவது வளைவு. வண்டியைச் சோதிக்கக் காரவள்ளிவரை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மாதேஸ்வரன் மகள் ரஞ்சிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கீழே காரவள்ளியில். மாப்பிள்ளையைத் தன் வெள்ளை அம்பாசிடரில்தான் மேலே கூட்டிவர வேண்டும் என்பது மாதேஸ்வரனின் ஆசை. ஆனால் ஏற்றத்தில் அது நின்றுவிடும். ஓரத்தில் நிறுத்தி ஆறவிட்டால் கிளம்பும். கீழே யாரோ ஒரு மெக்கானிக் மாட்டிவிட்ட கரண்டு பம்ப், கார்புரேட்டர் தாங்காத வேகத்தில் பெட்ரோலைத் தள்ளியது.

"நடுவுல ஒரு ரெகுலேட்டர் வெச்சா அடங்கிரும். ஒரு தடவகூட நிக்காது, நான் சொல்றேன்" என்று செம்மேட்டு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொல்லி, இன்று காலை அதை மாட்டியவள் அருணா. இன்று நின்றுவிட்டால் நாலு மணிக்கு வாடகை வேனுக்குச் சொல்லிவிடுவதாக மாதேஸ்வரன் பேசி வைத்திருந்தார். இப்போது மணி இரண்டே கால்.

அருணாவுக்கு முப்பத்தாறு வயது. தன் கல்யாணத்துக்கு முன் சேலத்தில் ஆறு வருடம் ஒரு கார்புரேட்டர் கடையில் வேலை. முதல் வருடம் முழுக்க, பெட்ரோல் பாயும் ஊசித்துளை ஜெட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினாள். செம்மேடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை போட்டபோது வந்ததெல்லாம் பைக். இப்போது கார்புரேட்டர் வண்டி எதுவானாலும் அவளிடம்தான் வரும், வேறு யாரும் தொடுவதில்லை. வேலை நடக்கும்போது யார் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாள். முடிந்த பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்வாள். அதற்குள் கேட்டவர் போயிருப்பார்.

ரெகுலேட்டரின் தலையிலிருந்த ஸ்குரூவை முக்கால் சுற்றுத் தளர்த்தினாள். முள் இரண்டரைக்கு வந்தது. வண்டி கிளம்பியது. நாற்பத்தோராவது வளைவில் இரண்டு தரம் இருமிவிட்டு மறுபடி நின்றது. முள் மறுபடி நாலு.

மாதேஸ்வரன் போனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா."

"நாலு மணிக்கு அவனுக்குச் சொல்லோணும் கண்ணு. முகூர்த்த நாளு. வேற வண்டி கெடைக்காது."

அருணா கேட்டுக்கொள்ளவில்லை. பம்பை மட்டும் ஓடவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பலாமரங்கள் பக்கமிருந்து காற்று வந்தது. இன்ஜின் ஆற ஆற முள் மெல்ல இறங்கியது. மூன்றரை. மூன்று. சூட்டில் ஏறுகிறது, ஆறினால் இறங்குகிறது. ஸ்பிரிங் இப்படிச் செய்யாது. அடைபட்ட காற்று செய்யும்.

ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் தகடு. அதற்கு மேலே ஸ்பிரிங் இருக்கும் அறை. அந்த அறை மூச்சுவிட மூடியில் கடுகளவு துளை. அருணா விரலால் மூடியைத் தடவினாள். துளை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"அத்தை, இதுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

"நாந்தான் சாமி" என்றாள் ராமாயி பெருமையாக. "நீ கை கழுவப் போனப்ப வெச்சேன். புதுசா ஒன்னு வந்து உக்காந்திருக்குது, மூளியா உடறதா? பொட்டு வெக்கறதுக்குன்னே குழி வேற உட்டிருந்தான்."

அருணா பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அது மூக்குங்க அத்தை. மூக்க அடச்சுட்டீங்க."

மாதேஸ்வரனுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டார். "முப்பது வருசமா எனக்கும் இதத்தான் பண்றா" என்றார்.

"அதான் இன்னும் ஓடிட்டிருக்கறீங்க" என்ற ராமாயி தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

அருணா ஊக்கு முனையால் சந்தனத்தைச் சுரண்டி, பொடி உள்ளே விழாமல் ஊதினாள். முள் சட்டென்று ஒன்றரைக்கு விழுந்தது. தளர்த்திய ஸ்குரூவைத் திரும்பவும் முக்கால் சுற்று முறுக்கினாள். இரண்டரை. நட்டைப் பூட்டினாள்.

"அப்ப பொட்டு?" என்றாள் ராமாயி.

"அத மாட்டியிருக்கற இரும்புப் பட்டைல வைங்க. எத்தன வேணா வைங்க."

ஏறினார்கள். ஐம்பதாவது வளைவில் மாதேஸ்வரன் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். அறுபதில் ராமாயி பாட ஆரம்பித்தாள். எழுபதைத் தாண்டியும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. செம்மேட்டு டீக்கடை முன்னால் மெதுவாக்கி, அங்கிருந்தவர்கள் எல்லோரும் பார்த்த பிறகுதான் மாதேஸ்வரன் வேகமெடுத்தார். அருணா மடியில் ஸ்பேனரோடு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாதேஸ்வரன் காரை எடுத்துக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கினார். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மாப்பிள்ளையோடு வாழவந்தி நாட்டிலிருக்கும் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வழியில் கார் நிற்கவில்லை. எட்டு மணிக்குத் தாலி கட்டினார்கள். அருணா சாப்பிட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்து, குழாய் இணைப்புகளைத் துணியால் துடைத்துக் கசிவு உண்டா என்று பார்த்தாள். ஒரு கிளிப்பை அரைச் சுற்று இறுக்கினாள். பத்தரைக்குக் கடையைத் திறந்தாள். ஆயில் மாற்ற இரண்டு பைக்குகள் வந்திருந்தன. மூன்று மணிக்கு மேல் மழை பெய்தது.