மென்று வைத்த பச்சிலை

கல்யாணமாகி நான்கு மாதம் என் மாமியார் என்னோடு பேசவில்லை. சுவரோடு பேசினார். "உல வெக்கணும்னு இந்த வூட்ல யாருக்காச்சும் தோணுதா பாரு" என்று அடுப்படிச் சுவரைக் கேட்பார்; நான் உலை வைப்பேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள் அனல்மின் நிலையத்தை ஒட்டிய மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்துக்கு மருமகளாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்று தனித் தம்ளர் வேறு. என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

ஒரு நாள் சங்கரா மீன் ஆயும்போது அருவாமணை கட்டைவிரலைக் கீறிவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் மீன் ஆயத் தெரியாதவள் என்று சுவருக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். ஓசைப்படாமல் கொல்லைப்பக்கம் போய், வெட்டுக்காயப் பூண்டு நான்கு இலை பறித்துக் கசக்கினேன். எங்கள் பக்கம் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் இதுதான் வைத்தியம். சாறு பட்டால் சுரீரென்று எரியும், ரத்தம் நின்றுவிடும்.

"அடியே! கய்வாம வெக்காத!"

திரும்பினால் மாமியார். பக்கத்தில் சுவர் ஏதும் இல்லை. என்னைத்தான் சொன்னார்.

"பவர் ஹவுஸ் சாம்பலு இலை மேல எப்டி படிஞ்சி கீது, கண்ணு தெர்ல? அந்தக் கலீஜ வெச்சிகினு கையி சீழ் புட்சா யாரு பாக்கறது? இன்னா பொண்ணுடி நீ!"

என் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார். புது இலை பறித்து, குடத்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வாயில் போட்டு மென்றார். கசப்பில் முகம் அஷ்டகோணலானது. அந்தப் பச்சை விழுதை அப்படியே என் விரலில் அப்பி, பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கட்டினார். தனித் தம்ளர் வைத்த அதே அம்மாள்! எனக்கு எரிச்சலே தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில், "கையக் காட்டு" என்பார். கட்டை அவிழ்க்காமல் மேலேயே புதுச் சாறு பிழிவார்.

"நோவு கீதா?"

"கீது, அத்த."

நான்காம் நாள் குளிக்கும்போது அவிழ்த்துப் பார்த்தேன். காயம் மூடியிருந்தது. பயம் வந்துவிட்டது. ஆறினது தெரிந்தால் மறுபடி சுவரிடம் போய்விடுவாரே! பழையபடி கட்டிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவரே கட்டை அவிழ்த்தார். விரல் வழவழவென்று இருந்தது.

"ஆறி எத்தினி நாளாச்சி?"

"நாலு நாளு, அத்த."

விரலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அதே துணியை மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டார்.

"நாளிக்கும் காட்டு" என்றார்.